உருகும்போது எது உடைகிறது?

அடுப்பில் தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது அடியிலிருந்து பெரிய குமிழிகள் கிளம்பி மேலே வருகின்றனவே, அதற்குள் என்ன இருக்கிறது? எந்த வகுப்பில் கேட்டாலும் காற்று என்று சிலர் சொல்வார்கள், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று வேறு சிலர் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டாவது பதில் கொஞ்சம் வேதியியல் படித்த பிள்ளைகளிடமிருந்துதான் வரும், படிக்காதவர்களுக்கு அந்தப் பேர்களே தெரியாது. இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. ஆஸ்போர்ன், காஸ்க்ரோவ் என்ற இருவர் நியூசிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டு 1983இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள், அங்கேயும் இதே பதில்கள்தான். உண்மையில் குமிழிக்குள் இருப்பது தண்ணீர், ஆவியாக மாறிய அதே தண்ணீர். சூடேறத் தொடங்கும்போது பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் பொடிக் குமிழிகள் வேறு, அவை தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருந்த காற்று.

பிள்ளைகள் மக்கு என்பதால் இந்தக் குழப்பம் வருவதில்லை. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் திடம், திரவம், வாயு ஒரு பாடம், வேதிப்பிணைப்பு வேறொரு பாடம். முதல் பாடத்தில் எல்லாப் பொருளும் சின்னச் சின்ன உருண்டைகளாக வரும், நெருக்கமாக இருந்தால் திடம், கொஞ்சம் தளர்ந்தால் திரவம், சிதறினால் வாயு. அந்த உருண்டை என்பது அணுவா, மூலக்கூறா, மின்சுமை ஏறிய அணுவான அயனியா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது பாடத்தில் எலக்ட்ரான்களைப் புள்ளியும் பெருக்கல் குறியுமாகப் போட்டுப் பிணைப்பு வரைவார்கள், ஆனால் அந்தப் பிணைப்பால் அந்தப் பொருள் கல்லாக இருக்குமா, காற்றாக இருக்குமா என்ற பேச்சே இருக்காது. இரண்டு பாடத்தையும் ஒட்டவைக்க ஒரே ஒரு கேள்வி போதும்: சூடுபடுத்தும்போது எதிலிருந்து எது பிரிகிறது? இதற்குப் பதில் சொல்ல முடிந்தால் உருகுநிலை, கொதிநிலை, கரைதிறன், வாசனை எல்லாம் மனப்பாடம் செய்யாமலே பிடிபடும்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். 18 கிராம் தண்ணீர், அதாவது மூன்று நான்கு டீஸ்பூன் அளவு, வேதியியல் கணக்கில் ஒரு மோல். ஏற்கெனவே 100 டிகிரி செல்சியஸில் இருக்கும் அந்தத் தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க சுமார் 41 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அதே 18 கிராம் ஆவியில் இருக்கும் எல்லா மூலக்கூறுகளையும் தனித்தனி ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களாகப் பிய்த்துப்போட வேண்டுமென்றால் 900 கிலோஜூலுக்கும் மேல் ஆகும். இருபது மடங்குக்கும் அதிகம்! ஆக இங்கே இரண்டு விதமான இழுப்பு இருக்கிறது. மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் பிடித்து வைத்திருக்கும் சகப்பிணைப்பு ஒன்று, அது முரட்டுப் பிடி. ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையே இருக்கும் ஈர்ப்பு இன்னொன்று, அது லேசானது. தேர்த்திருவிழா முடிந்து கூட்டம் கலையும்போது கூட்டம்தான் கலைகிறது, கையைப் பிடித்துக்கொண்டு வந்த குடும்பம் கையைப் பிடித்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போகிறது. கொதிப்பதும் அப்படித்தான், மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன, ஒவ்வொரு மூலக்கூறும் முழுசாகவே இருக்கிறது. ஆவியை 2,200 டிகிரி வரை சூடாக்கினால்கூட நூற்றுக்கு மூன்று மூலக்கூறு அளவில்தான் உடைகிறது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க நினைப்பவர்கள் அடுப்பை விட்டுவிட்டு, மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்கும் மின்பகுப்புக்குப் போவதற்குக் காரணம் இதுதான்.

சரி, அந்த முரட்டுப் பிடி எங்கிருந்து வருகிறது? புத்தகம் சொல்லும் பதில் எட்டு எலக்ட்ரான். நியான், ஆர்கான் போன்ற மந்த வாயுக்களுக்கு வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருக்கிறது, அவை யாரோடும் சேராமல் சும்மா இருக்கின்றன, மற்ற அணுக்களும் கொடுத்தோ வாங்கியோ பங்கு போட்டோ அந்த எட்டை எட்டப் பார்க்கின்றன என்பது கதை. 1916இல் அமெரிக்காவில் கில்பர்ட் லூயிஸும் ஜெர்மனியில் வால்தர் கோசலும் ஒருவருக்கொருவர் தெரியாமலே இந்த வழியில் எழுதினார்கள், கோசல் கொடுக்கல் வாங்கலை விளக்கினார், லூயிஸ் இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்வதை, அதாவது சகப்பிணைப்பை, விளக்கினார். பள்ளிக்கூட அளவில் இது அருமையான விதி. ஆனால் அதைச் சொல்லித் தரும்போது "சோடியம் தன் எலக்ட்ரானைக் கொடுக்க ஆசைப்படுகிறது, குளோரின் வாங்க ஆசைப்படுகிறது" என்று அணுவுக்கு மனசு வைத்துப் பேசுகிறோமே, அது எனக்குப் பிடிப்பதில்லை, ஏனென்றால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பொய்.

தனியாக நிற்கும் சோடியம் அணுக்கள் ஒரு மோல் அளவுக்கு எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகிறது. பிடுங்கியதைக் குளோரின் அணுக்களிடம் கொடுத்தால் 349 கிலோஜூல் திரும்பக் கிடைக்கிறது. 147 கிலோஜூல் நஷ்டம். ஆசையாவது ஒன்றாவது, சோடியம் எலக்ட்ரானை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, வலுக்கட்டாயமாகத்தான் பிடுங்க வேண்டும். அப்படியென்றால் உப்பு எப்படி உண்டாகிறது? எலக்ட்ரான் கைமாறிய பிறகு நேர்மின்சுமை கொண்ட சோடியம் அயனிகளும் எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனிகளும் ஒன்றையொன்று இழுத்து, மாற்றி மாற்றி அடுக்கி ஒரு படிகமாக உட்காரும்போது 787 கிலோஜூல் வெளிவருகிறது. எல்லா நஷ்டத்தையும் ஈடுகட்டி மிச்சமும் தருவது அந்த அடுக்கு. எட்டு எலக்ட்ரான் கிடைத்த சந்தோஷத்தில் உப்பு உண்டாவதில்லை, எதிரெதிர் மின்சுமைகள் கூட்டமாக நெருங்கி உட்கார்ந்ததில்தான் லாபம். மந்த வாயுக்கள் யாரோடும் சேராது என்ற நம்பிக்கையும் 1962இல் நீல் பார்ட்லெட் என்ற வேதியியலாளர் செனான் என்ற மந்த வாயுவை வைத்து ஒரு சேர்மம் செய்து காட்டியதோடு போய்விட்டது. விதியை வைத்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கு வேண்டும், ஆனால் அதையே இயற்கையின் ஆசை என்று நினைத்துவிட வேண்டாம்.

"கூட்டமாக" என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். கரும்பலகையில் ஒரு சோடியம், ஒரு குளோரின், நடுவே ஒரு அம்பு என்று வரைந்து பழகியதால் உப்பிலும் தண்ணீர் போலவே ஜோடி ஜோடியாக மூலக்கூறுகள் இருக்கும் என்று மனதில் பதிந்துவிடுகிறது. அப்படி எதுவும் இல்லை. 1913இல் வில்லியம் ஹென்றி பிராகும் அவர் மகன் வில்லியம் லாரன்ஸ் பிராகும் உப்புப் படிகத்தின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி உள்ளே அடுக்கு எப்படி இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம், இப்படியே படிகத்தின் ஓரம் வரை. இந்தச் சோடியம் எந்தக் குளோரைடுக்குச் சொந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. இந்த வழியில் படிகங்களை ஆராய்ந்ததற்காக அப்பாவுக்கும் மகனுக்கும் 1915இல் நோபல் பரிசு கொடுத்தார்கள், மகனுக்கு அப்போது 25 வயது. எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள் என்றில்லை, ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த ஆங்கில வேதியியலாளர் 1927இல்கூட நேச்சர் இதழுக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். உப்பில் மூலக்கூறே இல்லை, சதுரங்கப் பலகை மாதிரி ஒரு அடுக்குதான் என்பதை அந்த மனிதரால் ஜீரணிக்கவே முடியவில்லை. அவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படி என்றால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாள் கூடுதலாக எடுத்துச் சொல்வதில் தப்பில்லை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். உப்பை உருக்கினால் எதிலிருந்து எது பிரிய வேண்டும்? தனித்தனி மூலக்கூறுகள் இல்லாததால் லேசான ஈர்ப்பு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. எந்தப் பக்கம் அசைந்தாலும் முரட்டுப் பிடிதான். அதனால்தான் உப்பு உருக 801 டிகிரி வேண்டியிருக்கிறது, வீட்டு வாணலியில் எவ்வளவு நேரம் வறுத்தாலும் உப்பு உப்பாகவே இருக்கிறது. மின்சுமையைக் கூட்டினால் பிடி இன்னும் இறுகும். மெக்னீசியம் ஆக்சைடுக்கும் உப்பின் அதே அடுக்குதான், ஆனால் அயனிகளின் மின்சுமை இரண்டிரண்டு, அளவிலும் சின்னவை, அதனால் நெருங்கி உட்காருகின்றன. உருகுநிலை சுமார் 2,850 டிகிரி. உருக்காலை உலைகளின் உள்சுவருக்கு அதை வைத்துச் செய்த செங்கல்லைப் பயன்படுத்துவது இதனால்தான்.

உப்புக்கல்லைச் சுத்தியலால் தட்டினால் தகடாகாமல் நொறுங்குவதற்கும் இதே அடுக்குதான் காரணம், ஒரு வரிசை ஒரு இடம் நகர்ந்தால் போதும், நேர்மின்சுமைக்கு எதிரே நேர்மின்சுமை வந்துவிடும், விலக்கித் தள்ளும். திட உப்பில் மின்சாரம் பாயாது, உருக்கினால் பாயும், ஏனென்றால் அயனிகளுக்கு அப்போதுதான் நடமாட இடம் கிடைக்கிறது. அப்புறம் வாசனை. ஒரு பொருள் மணக்க வேண்டுமென்றால் அதிலிருந்து கொஞ்சமாவது பிரிந்து பறந்து மூக்குக்கு வர வேண்டும், உப்பிலிருந்து எதுவும் பறக்காது, அதனால் உப்புக்கு வாசனை இல்லை. கடற்கரையில் நாம் உப்பு வாசனை என்று சொல்வதும் உப்பினுடையது இல்லை, கடலில் இருக்கும் நுண்ணுயிர்களின் வேலையால் உண்டாகும் டைமெத்தில் சல்ஃபைடு போன்ற வாயுக்களின் வாசனை அது.

இவ்வளவு முரட்டுப் பொருள் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் அரை நிமிடத்தில் காணாமல் போகிறதே, 801 டிகிரி எங்கே போயிற்று? இது நியாயமான சந்தேகம், கேட்கும் பிள்ளைக்குத் தனியாக மார்க் போடலாம். தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் கூடுதலாக இழுத்து வைத்துக்கொள்கிறது, அதனால் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின்சுமை. உப்புப் படிகத்தைச் சுற்றி இப்படிப்பட்ட மூலக்கூறுகள் லட்சக்கணக்கில் மொய்க்கும்போது ஒவ்வொரு அயனியையும் பல மூலக்கூறுகள் சேர்ந்து சூழ்ந்து இழுக்கின்றன. அந்த இழுப்பில் கிடைக்கும் ஆற்றல் மோலுக்குச் சுமார் 783 கிலோஜூல். படிகத்தைக் கலைக்க வேண்டியது 787. கிட்டத்தட்ட சரிக்குச் சரி, துண்டு விழுவது நாலு கிலோஜூல், அதைச் சுற்றியிருக்கும் தண்ணீரின் வெப்பத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால் உப்பு கரையும்போது தண்ணீர் மிக மிக லேசாகக் குளிரும். நஷ்டத்தில் ஏன் கரைகிறது என்றால், அடுக்காக உட்கார்ந்திருக்க ஒரு வழிதான் உண்டு, சிதறிக் கிடக்கக் கணக்கில்லாத வழிகள் உண்டு, இயற்கை அந்தப் பக்கம் சாயும். இதை மேல்வகுப்பில் என்ட்ரோபி என்று படிப்பீர்கள்.

தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளங்களில் நடப்பது இதன் மறுபக்கம். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. பாத்தியில் நீரைக் கட்டி வெயிலில் காயவிட்டால் தண்ணீர் மூலக்கூறுகள் மட்டும் ஆவியாகிப் பறக்கின்றன, அயனிகளால் பறக்க முடியாது. 100 கிராம் தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைத்தான் தாங்கும், அந்த எல்லை தாண்டியதும் அயனிகள் மறுபடி அடுக்காக உட்காரத் தொடங்குகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை, குறைவாகக் கரையும் கால்சியம் கார்பனேட்டும் ஜிப்சமும் முதலில், அப்புறம் சோடியம் குளோரைடு, மெக்னீசியம் உப்புகள் கடைசியில். உப்பு வாரும்போது மிஞ்சுகிற கசப்பு நீரை வடித்து வெளியே விட்டுவிடுவார்கள். சரியாக வடிக்காவிட்டால் மெக்னீசியம் குளோரைடு உப்போடு ஒட்டிக்கொள்ளும், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்வதற்குப் பழி அதன் மீதுதான், சோடியம் குளோரைடு மீது பெரிதாகக் கிடையாது.

அயனி முடிந்தது, பங்கு போடும் கட்சிக்கு வருவோம். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் இருக்கும் சேர்மங்களைப் போல இந்த விஷயத்தைத் தெளிவாகக் காட்டும் வரிசை வேறு இல்லை. மீத்தேனில் ஒரு கார்பன், கொதிநிலை மைனஸ் 161 டிகிரி. புரொப்பேனில் மூன்று, மைனஸ் 42. பியூட்டேனில் நான்கு, கிட்டத்தட்ட பூஜ்யம். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் பெட்ரோல், அது திரவம். இருபதைத் தாண்டினால் மெழுகுவத்தி, அது திடம். இந்த எல்லாவற்றிலும் இருப்பது அதே கார்பன்–கார்பன், கார்பன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்புதான், அதே வலிமைதான். மீத்தேனில் பிணைப்பு பலவீனம், அதனால் வாயு, மெழுகில் பலம், அதனால் திடம் என்று எழுதினால் தப்பு. மாறுவது மூலக்கூறின் நீளம் மட்டுமே. எலக்ட்ரான்கள் ஒரு இடத்தில் நிற்காமல் அங்குமிங்கும் அலைவதால் ஒரு கணம் மூலக்கூறின் ஒரு ஓரத்தில் எதிர்மின்சுமை கொஞ்சம் கூடும், அது பக்கத்து மூலக்கூறிலும் அதே மாதிரி ஒரு சாய்வை உண்டாக்கும், இரண்டும் லேசாக இழுத்துக்கொள்ளும். இதுதான் வாண்டர் வால்ஸ் விசைகளில் ஒரு வகை. ஒரு இடத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத அளவுக்குச் சின்னது, ஆனால் மூலக்கூறு நீள நீள ஒட்டும் இடங்கள் கூடிக்கொண்டே போகும், கடைசியில் மெழுகை விரலில் பிடிக்கிற அளவுக்குக் கெட்டியாக்கிவிடும்.

வீட்டு எரிவாயு சிலிண்டரில் 14.2 கிலோ புரொப்பேன், பியூட்டேன் கலவை இருக்கிறது. சிலிண்டரை அசைத்தால் உள்ளே திரவம் ஆடுவது தெரியும். அந்த மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பு குறைவுதான், ஆனால் அழுத்தம் கொடுத்து நெருக்கிவிட்டால் அந்தக் குறைந்த ஈர்ப்பே போதும், அறை வெப்பத்திலேயே திரவமாகிவிடும். குழாயைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து மறுபடி வாயு. இதுவரை ஒரு பிணைப்புகூட உடையவில்லை. தீக்குச்சி வைத்த பிறகுதான் பிணைப்புகள் உடைகின்றன. இங்கே இன்னொரு பழைய தப்பையும் திருத்திவிடலாம்: பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது என்று பலர் எழுதுகிறார்கள். உடைக்க எப்போதும் செலவுதான் ஆகும். கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு புதிதாகச் சேரும்போது கிடைக்கும் ஆற்றல் அந்தச் செலவைவிட அதிகம், அந்த மிச்சத்தில்தான் சோறு வேகிறது.

கற்பூரம் இதைவிட வேடிக்கை. திடப்பொருள்தான், ஆனால் டப்பாவைத் திறந்ததும் மணக்கிறது, திறந்தே வைத்தால் கரைந்து போகிறது. பத்து கார்பன் கொண்ட கிட்டத்தட்ட உருண்டையான மூலக்கூறு, உருண்டைக்கு உருண்டை ஒட்டும் இடம் குறைவு, அதனால் மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகள் உருகும் கட்டத்துக்குக் காத்திருக்காமல் நேரடியாகப் பறந்துவிடுகின்றன. பதங்கமாதல் என்று படிக்கிறோமே, அது இதுதான். துணிப்பெட்டியில் போடும் நாப்தலின் உருண்டையும் இந்தக் கதைதான்.

சரி, கணக்குப்படி பார்த்தால் தண்ணீர் மாட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் மூலக்கூறு மீத்தேனைவிடக் கொஞ்சம்தான் கனம், அப்படியானால் அறை வெப்பத்தில் அது வாயுவாகத்தான் இருக்க வேண்டும். ஆக்சிஜனுக்கு நேர் கீழே இருக்கும் கந்தகத்தின் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றத்துக்குப் பேர்போனது, தண்ணீரைவிடக் கனமான மூலக்கூறு, அதுவே மைனஸ் 60 டிகிரியில் கொதித்துவிடுகிறது. தண்ணீர் மட்டும் 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கக் காரணம் ஹைட்ரஜன் பிணைப்பு. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனிடம் ஈர்க்கப்படுகிறது, அது சகப்பிணைப்பின் வலிமையில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும், ஆனால் வாண்டர் வால்ஸ் ஈர்ப்பைவிடப் பெரியது. பெயரில் பிணைப்பு என்று இருப்பதால் இதுவும் மூலக்கூறுக்குள் இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள், இது வெளியே இருப்பது. பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பேரோடு இப்படிக் கோத்துக்கொண்டு நிற்கும். அந்த நான்கு பேருக்கும் சரியான திசையில் நிற்க வேண்டியிருப்பதால் நடுவில் நிறைய வெற்றிடம் விழுகிறது, அதனால்தான் பனிக்கட்டி தண்ணீரைவிட அடர்த்தி குறைந்து மிதக்கிறது. நெருக்கமாக இருப்பது திடம், தளர்வாக இருப்பது திரவம் என்ற முதல் பாடத்து வரையறை ஃபிரீசரிலேயே தோற்றுப்போகிறது.

அந்த வரையறையைவிட மோசமானது இன்னொன்று உண்டு, வழிகாட்டி நூல்களில் கட்டம் போட்டுத் தருவார்கள்: அயனிச் சேர்மங்களுக்கு உருகுநிலை அதிகம், சகப்பிணைப்புச் சேர்மங்களுக்கு உருகுநிலை குறைவு. முதல் பாதி பரவாயில்லை. இரண்டாம் பாதியை வைரத்திடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். வைரம் முழுக்க முழுக்கச் சகப்பிணைப்பு, ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பனோடு, எந்த மூலக்கூறும் தனியாக இல்லாமல் படிகம் முழுவதும் ஒரே பின்னல். இதைவிட நல்ல உதாரணம் மணல். கார்பனும் சிலிக்கானும் ஆவர்த்தன அட்டவணையில் ஒரே தொகுதி, மேலும் கீழும். கார்பன் டைஆக்சைடு நாம் மூச்சில் விடுகிற வாயு, மைனஸ் 78 டிகிரிக்குக் குளிர்வித்தால்தான் திடமாகும். சிலிக்கான் டைஆக்சைடு ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ், உருக 1,700 டிகிரி வேண்டும். வாய்பாடு ஒரே மாதிரி, பிணைப்பும் சகப்பிணைப்புதான். கார்பன் இரண்டு ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு போட்டு மூன்று அணுவில் கதையை முடித்துக்கொள்கிறது. சிலிக்கானுக்கு அந்த இரட்டைப் பிணைப்பு சரியாக அமையாது, அது நான்கு ஆக்சிஜனோடு ஒற்றைப் பிணைப்பு போடுகிறது, ஒவ்வொரு ஆக்சிஜனும் அடுத்த சிலிக்கானுக்குப் பாலம், இப்படி முடிவில்லாமல் போகிறது. அங்கே உருக்க வேண்டுமென்றால் சகப்பிணைப்பையே உடைத்தாக வேண்டும். ஆகவே சகப்பிணைப்பா என்று மட்டும் கேட்டால் போதாது, தனி மூலக்கூறா, தொடர் பின்னலா என்று அடுத்த கேள்வியும் கேட்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பொருள்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. சர்க்கரை தனி மூலக்கூறுதான், ஆனால் ஒவ்வொரு மூலக்கூறிலும் எட்டு இடத்தில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் ஜோடி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறது, எட்டும் பக்கத்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடும். தனித்தனியாக லேசு, மொத்தமாகச் சேர்ந்தால் பலம். அதனால் சர்க்கரை உருகத் தேவையான சுமார் 186 டிகிரி வரும்போதே மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்புகளும் உடையத் தொடங்கிவிடுகின்றன, பழுப்பு நிறமும் கேரமல் வாசனையும் அந்த உடைசலிலிருந்துதான் வருகின்றன. இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனால் விறகு. விறகு ஏன் உருகுவதில்லை என்று யாராவது யோசித்ததுண்டா? மரத்தில் இருக்கும் செல்லுலோஸ் என்பது ஆயிரக்கணக்கான குளுகோஸ் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி, சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே நீளம் முழுக்க ஹைட்ரஜன் பிணைப்புகள். அத்தனையையும் ஒரே நேரத்தில் விடுவிக்கத் தேவையான சூட்டுக்குப் போவதற்கு முன்பே சங்கிலியே அறுந்துவிடுகிறது, புகையாகவும் கரியாகவும் போய்விடுகிறது. அதனால் மரத்துக்கு உருகுநிலை என்று ஒன்று இல்லை. முட்டை, முடி, பருத்தி எல்லாம் இந்தக் கட்சிதான். எல்லாப் பொருளுக்கும் மூன்று நிலை உண்டு என்பதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

உலோகம் மிச்சம். அணுக்கள் தங்கள் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவிடுகின்றன, அந்த எலக்ட்ரான் கூட்டம் எல்லா அயனிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. யார் பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்ற கண்டிப்பு இதில் இல்லை, அதனால் தட்டினால் வரிசைகள் வழுக்கி இடம் மாறும், நொறுங்காது. சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்தக் காலியிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகு நூறு டிகிரிக்கும் கீழே உருகிவிடுகிறது, மூலக்கூறுக்கு வெளியே இருக்கும் லேசான ஈர்ப்பு தளர்ந்தால் போதும். செம்பு உருக 1,085 டிகிரி, அங்கே தளர வேண்டியது உலோகப் பிணைப்பு. இரண்டையும் நாம் உருகுதல் என்றே சொல்கிறோம்.

தளர வேண்டியது என்றேன், உடைய வேண்டியது என்று சொல்லவில்லை. உருகிய உலோகத்திலும் எலக்ட்ரான் கூட்டம் அப்படியேதான் இருக்கிறது, மின்சாரமும் பாய்கிறது, அயனிகள் ஓரிடத்தில் நிற்பதை விட்டுவிட்டு நழுவத் தொடங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். காலியம் என்ற உலோகம் 29.8 டிகிரியில் உருகும், உள்ளங்கையில் வைத்தாலே போதும். அதைக் கொதிக்க வைக்க 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகுவதற்கும் கொதிப்பதற்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பதிலிருந்தே உருகும்போது பிணைப்பு போய்விடவில்லை, அணு தனியாகப் பறக்கும்போதுதான் உண்மையில் போகிறது என்பது தெரிகிறது.

பாதரசத்தைக் கேட்பீர்கள். மைனஸ் 39 டிகிரியிலேயே உருகிவிடுகிறது, ஆவர்த்தன அட்டவணையில் பக்கத்தில் இருக்கும் தங்கத்துக்கு 1,064 வேண்டும். இதுவரை சொன்ன எதை வைத்தும் இதை முழுசாக விளக்க முடியாது. பாதரசத்தின் அணுக்கருவில் 80 புரோட்டான், அருகில் வரும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல் ஓடுகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டீனின் சார்பியல் கணக்கு உள்ளே வந்துவிடுகிறது, வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் வழக்கத்தைவிடக் கருவோடு நெருங்கிப்போய்ப் பொதுக் கூட்டத்துக்குச் சரியாக வருவதில்லை, பிணைப்பு தளர்ந்துவிடுகிறது. 2013இல் ஒரு குழு இதைக் கணினியில் இரண்டு விதமாகக் கணக்கிட்டது, சார்பியலைச் சேர்த்தும் சேர்க்காமலும். சேர்த்தபோது உருகுநிலை 105 டிகிரி குறைந்தது. அந்த விளைவு இல்லாதிருந்தால் சித்திரை வெயிலிலும் பாதரசம் திடமாகத்தான் கிடந்திருக்கும், வெப்பமானிக்கு வேறு எதையாவது தேடியிருப்பார்கள்.